ஊருக்கு ஒரு தனி வலை

செல்போன் இல்லாத வீட்டைத் திருக்கோகர்ணத்தில் இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாளின் கையிலும், அருங்காட்சிசாலைப் பக்கம் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரரின் கையிலும் உலகம் அடங்கிக் கிடக்கிறது. அமெரிக்க நடிகர் ஒருவர் நேற்றிரவு என்ன உண்டார் என்பது அவர்களுக்கு விடியுமுன் தெரிந்துவிடுகிறது. ஆனால் கவிநாட்டுக் கண்மாயில் இன்று எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, ரேஷன் கடைக்குப் பருப்பு வந்துவிட்டதா, ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு எந்த வகை ரத்தம் தேவை என்பன போன்ற ஊர்ச் செய்திகள், கலிபோர்னியாவில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனியின் கைவழியே போய், அந்தக் கம்பெனி மனமுவந்து காட்டினால்தான் பக்கத்துத் தெருவை வந்தடைகின்றன. இதை எவரும் விசித்திரமாகக் கருதுவதில்லை என்பதே நம்மை இன்று எழுதத் தூண்டுகிறது.

திருக்கோகர்ணத்தைப் போன்ற ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு சிறு செய்திவழியை, பெரிய இணையத்துக்கு வெளியே, சொந்தமாக அமைத்துக்கொள்ள வேண்டும். அது எழுத்து ஒன்றையே தாங்கக்கூடிய குறுகிய வழியாக இருந்தாலும் குற்றமில்லை. அதன் பூட்டும் சாவியும் ஊராரிடம் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னதில் ஓரெழுத்தை மாற்றி, தனி வலை வேண்டும் என்று படித்துக்கொண்டாலும் பொருள் கெடாது. அகன்ற ராஜபாட்டை அற்ப விலைக்குக் கிடைக்கும் நாளில் ஒற்றையடிப் பாதை போடச் சொல்லுகிறாரே என்று நண்பர்கள் சிலர் நகைப்பார்கள். அவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

இணையம் பிறந்த நாளிலிருந்தே படமும் பாட்டுமாக ஓடிவந்தது என்று நமது இளைஞர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தமிழைப் பொறுத்த வரையில் உண்மை வேறு. விதேச சஞ்சார் நிகம் என்னும் சர்க்கார் கம்பெனி 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, இந்தியப் பொதுஜனங்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழியாகத் தனிநபர் சந்தாதாரருக்கு அன்று கிட்டிய வேகம் வினாடிக்கு 9,600 பிட். படம் ஒன்று திரையில் இறங்குவதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். மாணவர்களுக்கோ எழுத்தை மட்டுமே காட்டும் கணக்குத்தான் குறைந்த சந்தாவுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெட் என்னும் மின்னஞ்சல் சபையை நடத்திவந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் என்ற சாதனத்தைக் கொண்டு கடல் கடந்த தமிழர்கள் தமிழெழுத்திலேயே கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு கணினியில் தட்டியது இன்னொரு கணினியில் புரியாத குறிகளாக விழும் தொல்லையைத் தீர்க்க, சர்க்காரை எதிர்பாராமல், கம்பெனிகளையும் எதிர்பாராமல், அந்தத் தன்னார்வலர்கள் கூடி விவாதித்தே திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டை வகுத்தார்கள்.

1998-ஆம் வருஷம் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் ரசாயன விஞ்ஞானியாக இருந்த டாக்டர் கே. கல்யாணசுந்தரம் அதற்குத் தலைமை தாங்கினார். ஒருவரையொருவர் முகம் பார்த்திராத மனிதர்கள், இரவில் வேலை முடிந்து வந்து, சங்க நூல்களையும் பக்தி நூல்களையும் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து, வேறொரு கண்டத்திலிருந்த இன்னொருவருக்கு அனுப்பிப் பிழை திருத்தச் சொன்னார்கள். கூலி இல்லை, விளம்பரம் இல்லை. நூற்றுக்கணக்கான தமிழ் நூல்கள் உலகிலுள்ள எவரும் காசின்றி எடுத்துப் படிக்கும்படி இன்று கிடைக்கின்றன என்றால், அதற்கு இந்த ஒற்றையடிப் பாதையே காரணம். பாதை குறுகலாக இருந்தது அவர்களுக்கு ஒரு விதத்தில் நன்மையாகவே முடிந்தது என்பது நமது அபிப்பிராயம். படம் அனுப்ப வழியில்லாதபோது மனிதன் சொல்லைத் தேடுகிறான்.

சொல் எவ்வளவு சிறியது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்றைய யூனிகோடு முறையில் தமிழெழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது; ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். இப்படி மும்மடங்கு சுமத்தப்பட்டும், 1,330 குறளும் சேர்ந்து கால் மெகாபைட்டைத் தாண்டா. கையிலுள்ள செல்போனால் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்தின் இடத்தில் திருக்குறளைப் பத்துத் தடவைக்கு மேல் அடுக்கி வைக்கலாம். 1995-ஆம் வருஷத்து ஆமை வேகத்தில்கூட முழு நூலும் நாலு நிமிஷத்தில் வந்து இறங்கிவிடும். மனிதர் ஒருவருக்கொருவர் உண்மையில் சொல்லிக்கொள்ள வேண்டியவற்றுக்கு ராஜபாட்டை தேவையில்லை. ராஜபாட்டை பெரும்பாலும் விளம்பர வண்டிகளுக்காகவே போடப்பட்டிருக்கிறது.

தமிழர் பின்னர் அந்தச் சொந்தப் பாதையை விட்டு வாடகை வீடுகளுக்குக் குடிபோனார்கள். வாடகை இல்லாத வாடகை வீடு. அதனால்தான் எவரும் குடியிருப்புப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கவில்லை. யாஹூ கம்பெனியார் நடத்திய குழுக்களில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், மலேசியாவின் டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் முதலிய தமிழ்ச் சபைகள் பல வருஷம் கூடின. இலக்கியச் சண்டைகளும், இலக்கணத் தீர்ப்புகளும், ஊர் வரலாறுகளும், சாப்பாட்டு விசாரணைகளும் அங்கே ஆயிரக்கணக்கான மடல்களாகக் குவிந்தன. 2019-ஆம் வருஷம் அக்டோபரில் கம்பெனியார் நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் கதவையே மூடிவிட்டார்கள். முன்யோசனையுள்ள சிலர் தங்கள் பங்கை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏனையோரின் எழுத்து போன இடம் தெரியவில்லை. இதில் கம்பெனியைத் திட்டுவதால் ஆவதொன்றுமில்லை. வீடு அவர்களுடையது; இடித்தார்கள். பத்து வருஷத்துத் தமிழ் எழுத்தை நம்முடைய கூரையின் கீழ் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லையே என்பதுதான் யோசிக்கத்தக்கது.

இதே திருக்கோகர்ணத்தில், பழனியப்பா நகரில், ஞானாலயா நிற்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொட்டிச் சேர்த்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் பழைய பத்திரிகைகளும் அங்கே இருக்கின்றன. முதற்பதிப்பைப் பார்க்க வேண்டுமென்று தூரதேசத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தெருவைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அச்சு நூலுக்கு அந்தத் தம்பதியர் செய்ததை மின்னெழுத்துக்குச் செய்ய ஒரு பெட்டிகூட அந்தப் பேட்டையிலோ புதுக்கோட்டையிலோ இல்லாமலிருப்பது ஜில்லாவுக்கே குறை.

குறுகிய வழி கிராமத்துக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் நடந்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 1998-ஆம் வருஷத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரில் ஒரு மையம் வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் நிலையங்களைத் திறந்தார்கள். தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத இடங்கள் அவை. மின்சாரமோ வந்தால் வரும். ஆகவே போலீஸார் வைத்திருப்பதைப் போன்ற இருவழி ரேடியோவைக் கொண்டே வில்லியனூருக்கும் கிராமங்களுக்கும் இடையே பேச்சையும் எழுத்தையும் அனுப்பினார்கள். சூரிய ஒளித் தகடுகளால் பாட்டரி ஏற்றிக்கொண்டார்கள். நிலையத்துக்குக் கட்டடம் கொடுப்பது கிராமத்தின் பொறுப்பு. அது எந்த ஜாதியாரும் தடையின்றி உள்ளே வரக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிலையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு எது தேவையென்று கேட்டபோது, நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். அந்தக் கணக்கை அமெரிக்கக் கடற்படை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வந்தது. வில்லியனூர் மையத்தார் அதை இறக்கித் தமிழாக்கிக் கிராமத்துக்கு அனுப்ப, ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை முழுதும் அது ஒலித்தது. பெரிய இணையத்தின் கடைசி மைல் ஒரு ஒலிபெருக்கிக் குழாய்! படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசம் அந்தக் குழாய்க்குத் தெரியாது. அமெரிக்கப் போர்க்கப்பலுக்காகக் கணித்த அலை வீராம்பட்டினத்துக் கட்டுமரத்துக்குப் பயன்பட்டதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது.

அதே திட்டத்தைச் சேர்ந்த இன்னொரு மீனவ கிராமம் நல்லவாடு. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை, முன்பு அந்நிலையத்தில் தொண்டராக இருந்து பிற்பாடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒருவர், அங்கே செய்தியைக் கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் நிலையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் சர்க்காரிடம் அவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. ஒரு தொலைபேசியும், ஓர் ஒலிபெருக்கியும், அதைக் கையாளப் பழகியிருந்த நாலு பேரும் இருந்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஆறு வருஷம் பிடித்திருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு கட்டும் வலை ஆபத்துக்கு உதவாது.

நமது ஜில்லாவுக்கும் இந்தப் பாடம் வந்து சேர்ந்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரணியம் பக்கம் கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பங்கள் விழுந்தன, மின்சாரம் நின்றதும் செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. எந்தக் கிராமத்தில் குடிதண்ணீர் இல்லை, எங்கே பச்சைக் குழந்தைக்குப் பால் இல்லை என்பதை மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பியே அறிய வேண்டியிருந்தது. அகன்ற ராஜபாட்டை அன்று எங்கே போயிற்று? ஊருக்கு ஊர் உள்ளங்கையளவு ரேடியோச் சாதனமும் ஒரு பாட்டரியும் இருந்திருந்தால், ‘தண்ணீர் இல்லை, 40 குடும்பம்’ என்ற நாலு சொற்கள் பத்து மைல் தூரம் தாவித் தாவிப் போயிருக்கும்.

இது கற்பனையன்று. லோரா என்று பெயரிட்ட ஒரு ரேடியோ முறை இப்போது வழங்குகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கக்கூடிய சிறு கருவி, மிகக் குறைந்த மின்சாரத்தில், திறந்த வெளியில் சில மைல் தூரம் எழுத்துச் செய்தியை எறிகிறது; வழியிலுள்ள மற்றொரு கருவி அதை வாங்கி மேலும் எறிகிறது. இவ்வாறு கருவிகளைக் கோத்து வலையாக்கும் மெஷ்டாஸ்டிக் என்னும் திட்டத்தைத் தன்னார்வலர்கள் 2020 முதல் உலகுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். ஒரு செய்தி ஏறத்தாழ 200 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் கட்டுப்பாடு. நமது குறட்பா ஒன்று அதற்குள் தாராளமாக அடங்கும். நம் மாணவர்களுக்குச் சுருங்கச் சொல்லக் கற்பிக்கவாவது இந்தக் கருவியைப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வாங்கலாம்.

புயலால் மட்டும் வழி அடைபடுவதில்லை. உத்தரவாலும் அடைபடுகிறது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 13 பேர் மாண்டபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களில் இணையத்தை ஐந்து நாளைக்கு நிறுத்தச் சர்க்கார் உத்தரவிட்டது. கலவரத்துக்குச் சம்பந்தமில்லாத ஜில்லாக்களின் வியாபாரியும் மாணவரும் நோயாளியும் சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள். காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்டில் அடைத்த வழியை, 2020 ஜனவரியில் நத்தை வேகத்துக்குத் திறந்து, 2021 பிப்ரவரியில்தான் முழு வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். காலவரையறையின்றி இணையத்தை நிறுத்துவது செல்லாது, உத்தரவுகளைப் பிரசுரிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அனுராதா பசின் வழக்கில் 2020 ஜனவரி 10-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கோர்ட்டில் மனுப்போட்டு ரத்து வாங்குவதற்குள் அடைப்புக் காலமே முடிந்துவிடுகிறது என்பது வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்துக்கு இடங்கொடுக்கக் கூடாது. 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தி, நவம்பரில் பிடிபடும் வரை அந்நிய சர்க்காரின் கண்ணில் மண் தூவினார்கள். அது அடிமை நாட்டின் தேவை. நாம் கேட்பது ரகசிய ரேடியோவன்று. பெயர்ப்பலகை மாட்டி, பொறுப்பாளர் பெயரைச் சுவரில் எழுதி, போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு கருவி கொடுத்து நடத்தக்கூடிய பகிரங்கமான ஊர்க்காரியத்தையே கேட்கிறோம்.

இன்னொரு பக்கத்திலும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். குறுகிய வழியைத் தானமாகக் கொடுக்க வருபவர்களும் உண்டு. ஃபேஸ்புக் கம்பெனியார், ஏழைகளுக்காக என்று சொல்லி, தாங்கள் பொறுக்கி வைத்த சில இடங்களை மட்டும் காசின்றிப் பார்க்கவிடும் திட்டம் ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வீடியோ முதலிய பெருஞ்சரக்குக்கு அதில் இடமில்லை. எழுத்தும் சிறு படமுமே. பார்வைக்கு நாம் சொல்லும் யோசனையைப் போலவே இருந்தது. ஆனால் வாசலில் யார் நின்று எவரை உள்ளே விடுவது என்பது கம்பெனியின் இஷ்டம். லட்சக்கணக்கான ஜனங்கள் ஆட்சேபக் கடிதம் எழுதியதன் பேரில், டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8-ந் தேதி அத்தகைய பேதக் கட்டணங்களைத் தடுத்துவிட்டது. சிறியது என்பதற்காக எதையும் வாழ்த்திவிட முடியாது. ஒற்றையடிப் பாதையிலும் சுங்கச் சாவடி வைப்பவன் வைப்பான்.

புதுக்கோட்டையாருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்தில் வழங்கிய அம்மன் காசை முதியவர்கள் அறிவார்கள். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் ஒரு பக்கமும், ‘விஜய’ என்ற தெலுங்கு எழுத்து மறுபக்கமுமாக அச்சடித்த அந்தச் செப்புக்காசு நவராத்திரி காலத்தில் அரிசியுடன் ஏழைகளுக்கு வழங்கப்பட்டது; சந்தையில் கீரைக்கும் வெற்றிலைக்கும் செலாவணியாயிற்று. திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சரக்கு வாங்க அது செல்லாது. அதற்குச் சர்க்கார் ரூபாய் இருந்தது. ரூபாயை எவரும் விலக்கவில்லை, காசையும் கைவிடவில்லை. ஊருக்கு உள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு ஊர்க்காசு, வெளியே போவதற்கு வெளிக்காசு. இணையத்திலும் இந்த ஏற்பாட்டைத்தான் நாம் விரும்புகிறோம். கருவி வெளிநாட்டில் செய்தது, சிப்பு வெளிநாட்டுச் சிப்பு என்று குறை சொல்லும் சுதேசிகளுக்கும் ஒரு வார்த்தை: 1889-ஆம் வருஷத்து அம்மன் காசு பர்மிங்ஹாம் நகரத்துச் சாலையில் அச்சடிக்கப்பட்டதே. ஆயினும் அம்மன் நம் அம்மனாகவே இருந்தாள்.

என்ன செய்யலாம்? ஒரு பொதுக் கட்டடத்தில் உள்ளங்கையளவு கணினி ஒன்றும், சூரியத் தகடும், பாட்டரியும் வைக்க வேண்டும். அதில் மதுரைத் திட்டத்து நூல்களின் பிரதியும், 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவின் பிரதியும், பாடப்புத்தகங்களும் இருக்கட்டும். இவையெல்லாம் நகத்தளவு அட்டையில் அடங்கிவிடும். அருகில் வருபவர் தம் செல்போனிலிருந்து, டேட்டாக் காசு செலவில்லாமல், வைஃபை வழியாகவே அவற்றைப் படிக்கலாம். ஊர்ச் செய்திப் பலகையில் எழுதலாம். படமும் வீடியோவும் வேண்டா. கண்மாய் நீர்மட்டம், கடலைக்காய் விலை, பஸ் நேர மாறுதல், சாவுச் செய்தி, ரத்ததானம், தொலைந்த மாடு. இவை எழுத்திலேயே நன்றாகச் சொல்லப்படும். ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்கு ரேடியோத் தொடுப்புப் போட்டால் பள்ளிக்கூடமும் நூலகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒரே வலையாகும். நார்த்தாமலையும் குடுமியான்மலையும் உயரத்தில் நிற்கின்றனவே, அங்கே கம்பம் நடலாமே என்று ஆர்வமுள்ள வாலிபர்கள் நினைக்கக்கூடும். அவசரப்பட வேண்டா. மத்திய சர்க்காரின் பாதுகாப்பிலுள்ள புராதனச் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைச் சட்டம் தடுக்கிறது. தண்ணீர்த் தொட்டிகளின் உச்சி போதும்.

தண்ணீர்த் தொட்டி என்றதும் வேறொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் ஜாதியார் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது இந்த ஜில்லாவில்தான். ஊர்ப் பொது என்று சொல்லிக்கொண்டு ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இன்னும் சாகவில்லை. பெரிய கம்பெனியின் இணையத்தில் ஆயிரம் கெடுதல் இருக்கலாம். சேரியிலிருப்பவர் அதில் நுழையப் பண்ணையாரின் திண்ணையைத் தாண்ட வேண்டியதில்லை என்ற ஒரு நன்மை உண்டு. ஊர் வலை அந்த நன்மையைப் பறிக்குமானால் அது பிறக்காமலிருப்பதே மேல். ஆகையால் முதல் கருவி கோயிலிலும் வேண்டா, பெரிய மனிதர் வீட்டிலும் வேண்டா. வில்லியனூர்க்காரர்கள் போட்ட நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் நாமும் போட வேண்டும்: எல்லா ஜாதியாரும் செருப்போடு நடந்து வரும் கட்டடம். கிளை நூலகம் இதற்குப் பொருத்தமானது. சாவியை இருவரிடம் கொடுத்து, அவர்களில் ஒருவரேனும் பெண்ணாகவும் ஒருவரேனும் காலனியைச் சேர்ந்தவராகவும் இருக்கச் செய்ய வேண்டும்.

வதந்தி பரவுமே என்பார்கள். 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற புரளி செல்போன்களில் பறந்து, போளூருக்கு அருகே குலதெய்வக் கோயிலைத் தேடிவந்த ஒரு மூதாட்டியை ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள். அந்தப் புரளி அகன்ற பாதையில்தான் வந்தது. முதலில் எழுதியவர் யாரென்று படித்தவருக்குத் தெரியாது. ஊர்ப்பலகையில் எழுதுபவரை ஊருக்குத் தெரியும். மறுநாள் டீக்கடையில் முகத்தில் விழிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், மாலை விழும், மூன்றாம் மாதம் பாட்டரி செத்துப்போகும், எவரும் மாற்றமாட்டார்கள். இந்த ஆட்சேபத்துக்குச் சுலபமான பதில் கிடையாது. ஸ்பெயின் தேசத்துக் கடலோனியாவில் 2004-ல் சில கிராமத்தார் தொடங்கிய குயிஃபி வலை, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இணைப்பிடங்களாக வளர்ந்திருக்கிறது. தம் கூரையில் வைத்த கருவிக்கு அவரவரே சொந்தக்காரர், ஆனால் வழியை எல்லோருக்கும் விட வேண்டும் என்பது அவர்களுடைய ஒப்பந்தம். நம் நாட்டிலோ பொதுச் சொத்து என்றால் ஆளில்லாச் சொத்து என்று பொருளாகிவிட்டது. ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமலும் போகவில்லை. 1991-ல் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்பிக்க முனைந்தார். எத்தனையோ பேர் எள்ளி நகையாடினார்கள். கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் ஏறி, தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு சாலையில் போனார்கள். இயக்கத்தின் ஆரவாரம் ஓய்ந்த பிறகும் அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. சங்கிலி கழன்றால் தாங்களே மாட்டக் கற்றிருந்தார்கள். பாட்டரி மாற்றுவது அதைவிடக் கடினமான வித்தையன்று. 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர்களின் திருவிழாவைப் புதுக்கோட்டையில் நடத்திக் காட்டியவர்களும் இந்த ஊர் ஆசிரியர்களே. எழுத ஆள் இருக்கிறது. பழுது பார்க்கவும் ஆளைப் பழக்க வேண்டும். மகளிர் குழுக்களில் இருவருக்கு ஒரு வார காலம் பயிற்சி கொடுத்து, மாதம் சிறு படியும் கொடுக்க மாநகராட்சி முன்வர வேண்டும். திறப்பு விழாச் செலவை நிறுத்தினாலே ஒரு வருஷப் படி மிஞ்சும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அலைகள் பொதுஜனச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995 பிப்ரவரி 9-ந் தேதி, வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில் முடிவு கட்டிவிட்டது. அதன் பலனாகவே சமூக வானொலிகள் வந்தன. செய்தி அறிக்கையை மட்டும் அவர்கள் சொந்தமாகச் சொல்லக் கூடாது என்ற விலங்கோடு வந்தன. வைஃபைக்கும் லோராவுக்கும் வேண்டிய அலைவரிசைகளில் சிலவற்றை, 2.4 கிகாஹெர்ட்ஸையும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையையும், குறித்த சக்திக்குள் உபயோகிக்க 2005-லேயே லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையை 2018-ல் திறந்தார்கள். ஆகவே ஒரு கட்டடத்துக்குள் பெட்டி வைப்பதில் சிக்கலில்லை. தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, பிறருக்காக வலை நடத்தும்போதுதான் ‘தொலைத்தொடர்புச் சேவை நடத்துகிறாய், அனுமதி எங்கே?’ என்ற கேள்வி எழக்கூடும். 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொதுநலம் கருதி அனுமதியிலிருந்து விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. லாபமில்லாமல், நூலகமோ பஞ்சாயத்தோ மகளிர் குழுவோ, எழுத்துச் செய்திக்காக நடத்தும் சிறு வலைகளுக்கு அந்த விலக்கை ஓர் அறிவிப்பின் மூலம் கொடுத்துவிடலாம். சர்க்கார் கஜானாவுக்கு இதனால் ஒரு காசும் நஷ்டமில்லை. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதை ஒரு கேள்வியாகவேனும் எழுப்ப வேண்டும்.

அதுவரை கைகட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டடத்துக்குள் அடங்கும் முதல் பெட்டியை எவரிடமும் கேளாமல் வைக்கலாம். நூலக வாசகர் வட்டத்தாரும் ஆசிரியர்களும் கூடி இடத்தைத் தீர்மானிக்கட்டும். பழைய கணினியோ, சூரியத் தகடோ கொடுக்க விரும்பும் வாசகர்கள் நமது காரியாலயத்துக்கு எழுதலாம். பெறுவதையும் செலவழிப்பதையும் இப்பத்திரிகையிலேயே கணக்காக வெளியிடுவோம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிடும். கூரைமேல் ஏறித் தகடு மாட்டும் வேலையை அதற்கு முன் முடித்துக்கொள்வது நலம்.